மாடு வாங்க எவ்வளவு தூரம் போகலாம்?



தோட்டப்புறங்களில் வாழும் நம் குடும்பங்களில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், "ஒரு கறவை மாடு வாங்கினால் என்ன?" என்ற பேச்சு எழுவது வழக்கம். அது கூட்டுப் போட்டு எடுத்த பணமாக இருக்கலாம். போனஸ் பணமாக இருக்கலாம். வேலை ஓய்வு பெற்றபின் கைக்கு வந்த ஊழியர் சேமநிதிப் பணமாகவும் இருக்கலாம். எதுவாயினும் அது பல ஆண்டு வியர்வை. அந்த வியர்வை முழுவதையும் ஒரே நாளில் ஒரு மாட்டின் கழுத்துக் கயிற்றில் கட்டிவிடுகிறோம். மாடு நன்றாக அமைந்தால் பிள்ளைகளுக்குப் பாலும், மாதாமாதம் ஒரு வருமானமும், அவ்வப்போது ஒரு கன்றும் கிடைக்கும். அமையாவிட்டால் கொட்டகையில் ஒரு வாயும், மனத்தில் ஒரு பாரமும் மிஞ்சும்.

மாட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். ஆனால், அதற்கும் முன்னால் வரும் ஒரு கேள்வியை நாம் அதிகம் யோசிப்பதில்லை. மாடு வாங்க எவ்வளவு தூரம் போகலாம்? பக்கத்துத் தோட்டத்தோடு நின்றுகொள்வதா? நல்ல மாடு கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாலு மாநிலம் தாண்டிப் போவதா? இன்றைய பேச்சில் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

மாட்டுக்கு வருமுன் குதிரையைப் பற்றிச் சில வார்த்தைகள். தூரம் போய் விலங்கு வாங்குவதில் நம் முன்னோர்க்கு நீண்ட பழக்கம் உண்டு. தமிழ் நாட்டின் வெப்பத்துக்கும் மேய்ச்சலுக்கும் உயர்ந்த சாதிக் குதிரைகள் பெருகவில்லை. ஆகவே, மன்னர்கள் அவற்றை அரபு நாடுகளிலிருந்து கடல் வழியாக வரவழைத்தார்கள். பாண்டிய மன்னன் பொன்னைக் கொடுத்துத் தன் அமைச்சர் திருவாதவூரரைக் குதிரை வாங்க அனுப்பிய கதையை நீங்கள் அறிவீர்கள். மாணிக்கவாசகர் என்று நாம் போற்றும் அதே திருவாதவூரர்தான். பொன் திருப்பணிக்குச் செலவாயிற்று. இறைவனின் திருவிளையாடலால் காட்டு நரிகள் குதிரைகளாகி மதுரைக்கு வந்தன. பகலில் மன்னன் பார்த்து மகிழ்ந்த பரிகள், இரவில் லாயத்தில் மீண்டும் நரிகளாகி, அங்கே முன்பிருந்த குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. பக்தியின் பெருமையைச் சொல்லும் கதை அது. வீட்டுக்கு உதவும் ஒரு சின்னப் பாடமும் அதில் இருக்கிறது. பகலில் பார்த்தது வேறு, இரவில் கொட்டகையில் நிற்பது வேறு என்று ஆகிவிடக்கூடும். புதிதாக வந்தது, முன்பே இருந்ததையும் கெடுக்கக்கூடும்.

இது புராணக் கதை. வரலாற்றுச் செய்தியும் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் குறித்திருக்கிறார். குதிரைகளுக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் தீனியாகப் போட்டார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர்களும் அங்கே இல்லையாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் விலை என்கிறார். கப்பலில் வரும்போது வழியில் இறந்துபோன குதிரைக்கும் அரசன் கருவூலத்திலிருந்து விலை கொடுக்கவேண்டும் என்பது ஒப்பந்தமாம்.

நேயர்களே, கவனித்தீர்களா? தூரத்திலிருந்து விலங்கு வாங்குவதில் உள்ள மூன்று ஆபத்துகளும் இங்கே இருக்கின்றன. வாங்கும்போது சரியாகப் பார்க்க முடியாதது ஒன்று. வழியில் ஏற்படும் நட்டம் வாங்குபவர் தலையில் விழுவது இரண்டு. வந்த இடத்துத் தீனியும் பராமரிப்பும் ஒத்துக்கொள்ளாதது மூன்று. பாண்டிய மன்னனுக்கு முத்துக்குளிக்கும் கடல் இருந்தது. ஆயிரம் குதிரை போனாலும் அடுத்த ஆண்டு ஆயிரம் வாங்கினான். நமக்கு இருப்பது ஒரு மாட்டுக்கான பணம்தான்.

இனி மாட்டுக்கு வருவோம். மலாயாவுக்கு மாடு வளர்ப்பைக் கொண்டுவந்து வேரூன்றச் செய்தவர்களில் நம் மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தியாவிலிருந்து வந்தவர்களோடு வந்த மாடுகளின் வழித்தோன்றல்களைத்தான் இன்றும் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்று கால்நடைத் துறையினர் தனி வகையாகக் குறிப்பிடுகிறார்கள். பால் குறைவாகக் கறந்தாலும் வெயிலைத் தாங்கும் மாடு அது. பின்னாளில் ஃபிரீசியன் காளையும் சாஹிவால் பசுவும் கலந்த கலப்பின மாடுகள் வந்தன. மலேசியாவில் உருவாக்கப்பட்ட இத்தகைய இனத்துக்கு 'மாஃப்ரிவால்' என்று பெயர். ஆகவே, இன்று மாடு வாங்கப் போகிறவருக்குப் பலவகை மாடுகளும் பல ஊர்களும் கண்ணில் படுகின்றன. கைப்பேசியில் படமும் வந்துவிடுகிறது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின், கெடாவில் நிற்கும் மாட்டை ஜொகூருக்கு ஒரே இரவில் கொண்டுவந்துவிடலாம். சாலை தூரத்தைச் சுருக்கியிருக்கிறது. ஆனால், மாடு வாங்குகிறவர் கவனிக்கவேண்டிய வேறு சில தூரங்கள் உண்டு. அவற்றை நெடுஞ்சாலையால் சுருக்க முடியாது. அவை எவை என்று ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, இரண்டு முறை போய்வரக்கூடிய தூரம்.

மாட்டைப் பார்க்கப் போவது ஒரு பயணமாகவும், மாட்டை ஏற்றிவரப் போவது மற்றொரு பயணமாகவும் இருக்கவேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் தொல்லைதான். லோரிக்கு வாடகை பேசி, வேலைக்கு விடுப்புப் போட்டு, முழுப் பணத்தையும் மடியில் கட்டிக்கொண்டு இருநூறு மைல் போய் நிற்கும்போது, மாட்டிடம் ஒரு குறை கண்ணில் பட்டால் என்ன செய்வோம்? "இவ்வளவு செலவு பண்ணி வந்தாச்சு, வெறுங்கையோடு எப்படித் திரும்புறது?" என்றுதான் மனம் சொல்லும். அந்தக் குறையை நாமே சிறிதாக்கிப் பார்ப்போம். விற்பவர் நம்மை ஏமாற்றத் தேவையே இருக்காது. வந்த செலவே நம்மை ஏமாற்றிவிடும். ஆகவே, பார்க்கப் போகும்போது லோரியை அழைத்துச் செல்லவேண்டாம். முழுப் பணத்தையும் கொண்டு செல்லவேண்டாம். வெறுங்கையோடு திரும்பினாலும் வருத்தப்படாத தூரம் எதுவோ, அதுதான் நமக்குரிய தூரம்.

பார்க்கப் போனால் எதைப் பார்ப்பது? இரண்டு வேளைக் கறவையையும் பார்க்கவேண்டும். சிலர் விற்கும் நாளில் ஒரு வேளைப் பாலைக் கறக்காமல் மடியிலேயே விட்டுவிடுவார்கள். மடி பானைபோல் தெரியும். அன்று மாலை கறக்கும் பாலும் மிகுதியாக இருக்கும். எனவே, மாலையில் நம் கண் முன்னே முழுவதும் கறந்து மடி காலியாகட்டும். மறுநாள் காலையில் அதே மாடு எவ்வளவு கறக்கிறது என்று பாருங்கள். அந்த இரண்டாவது அளவுதான் நம்பக்கூடியது. இதற்கு ஓர் இரவு அந்த ஊரில் தங்கவேண்டும், அல்லது மாலையும் காலையும் போய்வரும் தூரத்தில் இருக்கவேண்டும்.

தாய்மார்களே, இந்தப் பயணத்தில் நீங்களும் போகவேண்டும். பல வீடுகளில் மாடு பிடிக்கப் போவது ஆண்கள், வந்தபின் கறப்பது பெண்கள். நாளைக்கு எந்தக் கை கறக்கப் போகிறதோ அந்தக் கையே காம்பைத் தொட்டுப் பார்க்கட்டும். நான்கு காம்பிலும் பால் வருகிறதா? முதல் பீச்சலை ஒரு கறுப்புத் துணியில் விட்டால் திரி திரியாக வருகிறதா? கறந்து முடித்தபின் மடி துவண்டு மெத்தென்று ஆகிறதா, எங்காவது கட்டியாக நிற்கிறதா? புது ஆள் உட்கார்ந்தால் உதைக்கிறதா? இவற்றைப் படத்தில் பார்க்க முடியாது.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. காசு கொடுக்கும் மாட்டைப் பார்த்தே தீரவேண்டும். மாட்டுக்கு மேல் தாடையின் முன்பக்கத்தில் பல் கிடையாது. கீழ்ப்பற்களைப் பாருங்கள். பால் பல் விழுந்து இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு வயது. எட்டும் முளைத்திருந்தால் நான்கு வயதை ஒட்டியது அல்லது அதற்கு மேற்பட்டது. பற்கள் தேய்ந்து இடைவெளி விட்டிருந்தால் கிழமாடு. பொதுவாக, இரண்டாவது அல்லது மூன்றாவது ஈற்று மாடு, கன்று ஈன்று ஒன்றிரண்டு மாதத்துக்குள் இருப்பது, நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது. கன்று ஈன்று ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் பால் உச்சத்துக்கு வருகிறது. அப்போது பார்த்தால் மாட்டின் முழுத் திறமையும் தெரியும். அந்தப் பால் மாதங்கள் செல்லச் செல்லக் குறையும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும். உடன் நிற்கும் கன்று அதனுடையதுதானா என்றும் பாருங்கள். கன்றை அவிழ்த்துவிட்டால் தாய் அதை நக்கிக் கொடுக்கிறதா, முட்டி விரட்டுகிறதா என்பதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, விசாரிக்கக்கூடிய தூரம்.

"தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்கவேண்டாம்" என்பது பெண் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொன்ன பழமொழி. மாட்டுக்கும் அது பொருந்தும். பக்கத்துத் தோட்டத்து மாடு என்றால் அதன் தாய் எப்படிக் கறந்தது, சென்ற ஈற்றில் எத்தனை மாதம் பால் கொடுத்தது, எத்தனை ஊசி போட்டபின் சினை பிடித்தது என்பதெல்லாம் அங்கே நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். டீக்கடையில் உட்கார்ந்தாலே செய்தி வந்துவிடும். பால் சேகரிப்பு நிலையம் உள்ள ஊரானால், அந்த வீட்டிலிருந்து எத்தனை லிட்டர் வருகிறது என்று கேட்டறியலாம். செயற்கைக் கருவூட்டலுக்கு வரும் கால்நடை உதவியாளரைக் கேட்டால், மாடு அடிக்கடி சினை தவறுகிறதா என்று தெரியலாம். தூரத்து ஊரில் நமக்குத் தெரிந்தவர் யார்? விற்பவர் ஒருவர்தான். தரகரும் உடன் இருந்தால் இரண்டு பேர். இரண்டு பேரும் விற்கத்தான் நிற்கிறார்கள்.

ஆகவே, ஒரு பழக்கம் வைத்துக்கொள்வோம். விற்பவரையும் தரகரையும் தவிர்த்து, அந்த மாட்டைப் பற்றிக் கேட்க அந்த ஊரில் வேறு ஒருவராவது நமக்கு உண்டா? உறவினர், பழைய தோட்டத்து நண்பர், சம்பந்தி வீட்டார் என்று யாராவது இருந்தால் அந்த ஊர் நமக்குப் பக்கம்தான். ஒருவரும் இல்லையென்றால், அரை மணிப் பயணத்தில் இருந்தாலும் அது தூரத்து ஊர்தான்.

மூன்றாவது, மாடு தாங்கக்கூடிய தூரம்.

நாம் வண்டியில் உட்கார்ந்து போகிறோம். மாடு நின்றுகொண்டே வருகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பிரேக்கிலும் அது தன் உடலைத் தானே தாங்கிக்கொள்ளவேண்டும். பயம், தாகம், வெப்பம் எல்லாம் சேர்ந்து பால் சட்டென்று குறையும். குறுகிய பயணமானால் இரண்டு மூன்று நாளில் தெளிந்துவிடும். நீண்ட பயணத்துக்குப்பின் தெளிய வாரங்கூட ஆகலாம். மடிநோய் தலைகாட்டவும், சினை கலையவும் வாய்ப்பு உண்டு. ஈனுவதற்கு இன்னும் ஒரு மாதமே இருக்கும் நிறைசினை மாட்டை லோரியில் ஏற்றவே கூடாது.

ஏற்றுவதானால் சில முறைகள் உண்டு. பாலைக் கறந்துவிட்டு ஏற்றவேண்டும். வெயில் தாழ்ந்தபின் புறப்பட்டு விடியுமுன் வந்து சேரவேண்டும். லோரித் தளத்தில் மணலோ மரத்தூளோ பரப்பினால் கால் வழுக்காது. கன்றைத் தாயின் காலடியில் விடாமல் தடுப்பு வைத்து நிறுத்தவேண்டும். வழியில் ஒரு முறையாவது நிறுத்தித் தண்ணீர் காட்டவேண்டும். மாலைக் கறவைக்கும் மறுநாள் காலைக் கறவைக்கும் இடையிலுள்ள ஓர் இரவில் முடியும் பயணமே கறவை மாட்டுக்கு ஏற்ற பயணம். அதைத் தாண்டினால் மடி கட்டிக்கொண்டு வழியில் அவதிப்படும்.

நான்காவது, நோயின் எல்லை.

மைலைக் காட்டிலும் இது முக்கியமானது. கோமாரி என்று நாம் சொல்லும் வாய்ப்புண், கால்புண் நோய் தீபகற்ப மலேசியாவில் அவ்வப்போது தலைதூக்குகிறது. தோல் கழலை நோய் 2021இல்தான் முதன்முறையாக நம் நாட்டில் காணப்பட்டது. கொசுவும் கடிக்கும் ஈயும் அதைப் பரப்புகின்றன. இந்த நோய்கள் வெகுதூரம் பயணம் செய்வது பெரும்பாலும் லோரியில்தான், நாம் வாங்கும் மாட்டின் உடலுக்குள்தான். அதனால்தான் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு மாடு கொண்டு செல்லக் கால்நடைத் துறையின் அனுமதி தேவை. 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் அத்துறைக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. "ராத்திரியில் கொண்டுபோய்விடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று யாராவது சொன்னால், அந்த வியாபாரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். வழியில் பிடிபட்டால் மாடும் போகும், பணமும் போகும். பிடிபடாமல் வந்து சேர்ந்தால் அதைவிடக் கேடு விளையலாம். நம் லயத்தில் உள்ள எல்லா வீட்டு மாடுகளுக்கும் நோய் வந்தால், நாளைக்கு அந்த அண்டை வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது?

கண்ணுக்குத் தெரியாத மற்றொரு நோய் கன்றுவீச்சு நோய். மாடு பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். சினை மட்டும் பாதியில் கலைந்துவிடும். காய்ச்சாத பாலின் மூலம் மனிதருக்கும் அது பரவி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் உண்டாக்கும். இரத்தப் பரிசோதனையால்தான் அதைக் கண்டறியலாம். ஆகவே, விலை பேசும்போதே, "ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணி, ரிசல்ட் வந்த பிறகுதான் மாட்டைக் கட்டுவேன்" என்று சொல்லிவிடவேண்டும். முன்பணம் கொடுத்தாலும் அந்த நிபந்தனையோடு எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் அடுத்த வீட்டு மாடானாலும் வாங்கவேண்டாம்.

ஐந்தாவது, தண்ணீரும் தீனியும் மாறும் தூரம்.

மலைப்பகுதிக் குளிரில் வளர்ந்த மாட்டைச் சமவெளிச் செம்பனைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால், அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும். ஃபிரீசியன் இரத்தம் மிகுதியாக உள்ள மாட்டுக்கு இந்தத் தொல்லை அதிகம். அங்கே கறந்த பாலை இங்கே கறக்காது. உண்ணி இல்லாத பண்ணையில் வளர்ந்த மாடு, உண்ணி நிறைந்த இடத்துக்கு வந்ததும் உண்ணிக் காய்ச்சலில் விழக்கூடும். அதே இடத்தில் பிறந்து வளர்ந்த மாட்டுக்கு அந்த நோயைத் தாங்கும் சக்தி இருக்கும். தீனியையும் பாருங்கள். பெரிய பண்ணையில் வெட்டிய நேப்பியர் புல்லும் கலப்புத் தீவனமும் தொட்டியில் விழும். நம் மாட்டுக்குக் கிடைப்பது சாலையோரப் புல்லும் செம்பனைப் புண்ணாக்கும் என்றால், பண்ணைக் கணக்கு இங்கே ஒத்துவராது. பாண்டிய நாட்டுக் குதிரைக்குச் சோறு போட்ட கதையாகிவிடும். நம்மைப் போலவே வைத்து வளர்ப்பவரிடம் நம் கண்ணெதிரே எட்டு லிட்டர் கறக்கும் மாடு, பெரிய பண்ணையில் பன்னிரண்டு லிட்டர் கறக்கும் மாட்டைவிட நமக்கு நல்ல மாடு.

இப்போது பணக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். இந்தத் தொகைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

பக்கத்தில் ஒரு மாடு 7,000 வெள்ளி. தூரத்தில் அதே போன்ற ஒரு மாடு 6,000 வெள்ளி. ஆயிரம் வெள்ளி மிச்சம் என்று மனம் துள்ளுகிறது. தூரத்து மாட்டைப் பார்க்க இருவர் போய்வர எண்ணெய், டோல், சாப்பாடு 200 வெள்ளி. இரண்டு பேர் ஒரு நாள் சம்பளம் 130. ஏற்றிவர லோரி வாடகை 900. அன்று உடன் போகும் ஒருவரின் சம்பளம் 65. வந்தபின் பத்து நாளைக்கு நாளுக்கு நான்கு லிட்டர் பால் குறைந்தால், லிட்டர் நான்கு வெள்ளி வீதம் 160. ஆக மொத்தம் 1,455 வெள்ளி. மாடு நம் கொட்டகையில் நிற்கும்போது அதன் உண்மை விலை 7,455.

பக்கத்து மாட்டுக்கு வேலை முடிந்தபின் மாலையிலும், வேலைக்குப் போகுமுன் காலையிலும் போய்வர எண்ணெய் 40 வெள்ளி. சிறிய லோரி 150. நான்கு நாளைக்கு இரண்டு லிட்டர் பால் குறைவு 32. மொத்தம் 222. உண்மை விலை 7,222. ஆயிரம் வெள்ளி மிச்சம் பிடிக்கப் போனவருக்கு 233 வெள்ளி கூடுதல் செலவு.

அப்படியானால் தூரம் போகவே கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. போகலாம், காரணம் இருந்தால். நம் வட்டாரத்தில் விற்க மாடே இல்லாதபோது போகலாம். இருக்கும் மாடுகளெல்லாம் ஒரே காளையின் வழியாகி, புது இரத்தம் தேவைப்படும்போது போகலாம். பதிவேடு வைத்து, ஒவ்வொரு மாட்டின் காதிலும் அடையாள வில்லை போட்டு, பால் அளவையும் சினைத் தேதியையும் எழுதிவைத்திருக்கும் நல்ல பண்ணையாக இருந்தால் போகலாம். அங்கே அந்தப் பதிவேடே நமக்கு அக்கம்பக்கத்தார் போலப் பேசும்.

தனியாகப் போகாமல் கூடிப் போவது இன்னொரு வழி. அதே கணக்கில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே பண்ணையில் மூன்று மாடு வாங்கி ஒரே லோரியில் ஏற்றினால், லோரிப் பங்கு 900க்குப் பதில் 300. மாட்டின் உண்மை விலை 6,855. இப்போது பக்கத்து மாட்டைவிட 367 வெள்ளி மிச்சம். பார்க்கப் போகும்போது மூன்று குடும்பத்தின் கண்களும் பார்க்கும். ஒருவர் ஆசைப்பட்டாலும் மற்றவர் தடுப்பார். கூட்டுப் போட்டுப் பணம் சேர்க்கத் தெரிந்த நமக்கு, கூடிப் போய் மாடு வாங்குவது பெரிய காரியமா?

புறப்படுமுன் தொலைபேசியிலேயே முடித்துவிடக்கூடிய வேலையும் உண்டு. "அண்ணே, மாடு எத்தனாவது ஈத்து? கன்னு போட்டு எத்தனை மாசம் ஆவுது? இப்ப வேளைக்கு எத்தனை லிட்டர்? போன ஈத்துல எத்தனை மாசம் கறந்துச்சு? மறுபடி காளைக்கு விட்டாச்சா? யார் கறக்கிறா, கையாலயா மெஷினாலயா? என்ன தீனி போடுறீங்க? ஏன் விக்கிறீங்க?" இந்த எட்டுக் கேள்விக்கும் வரும் பதிலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து வீட்டில் வேறொருவர் அதே கேள்விகளைக் கேட்கட்டும். இரண்டு பதிலும் ஒத்துவந்தால் பயணச் செலவு செய்யலாம். "நேர்ல வாங்க, எல்லாம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்பவர், குட்டையில் கிடக்கும் எருமைக்கு விலை பேசச் சொல்பவர். அவரிடம் போகவேண்டாம்.

மாட்டை வாங்குமுன் கட்ட இடம் உண்டா என்பதையும் உறுதி செய்துகொள்வோம். தோட்டமானால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிக்கு மாறிவிட்ட குடும்பமானால், ஊராட்சி மன்றத்தின் விதியைக் கேட்டறிய வேண்டும். இடம் இல்லாமல் வாங்கிய மாட்டை அவசரத்தில் விற்கும்போது பாதி விலைகூட வராது.

மாடு வீட்டுக்கு வந்ததும் பயணம் முடிந்துவிடவில்லை. குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் நான்கு வாரம், பழைய மாடுகளிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். தனி வாளி, தனிக் கயிறு இருக்கட்டும். பழைய மாட்டைக் கறந்தபின் புது மாட்டைக் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கோமாரி உள்ளே இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வெளியே தெரிந்துவிடும். தோல் கழலைக்கு நான்கு வாரம்வரை ஆகலாம். விற்றவரிடமிருந்தே ஒரு வாரத் தீனியை விலைக்கு வாங்கி வந்து, நம் தீனியை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மருந்து தெளித்த செம்பனைப் பாத்திப் பக்கம் விடவே வேண்டாம். பாலைப் பொங்கக் காய்ச்சியபிறகே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

நேயர்களே, இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். இரண்டு முறை போய்வர முடிகிறதா? விற்பவரைத் தவிர வேறு ஒருவரிடம் விசாரிக்க முடிகிறதா? ஓர் இரவில் மாடு வந்து சேருமா? அனுமதியும் இரத்தப் பரிசோதனையும் கிடைக்குமா? அந்த இடத்துத் தீனியும் வெயிலும் நம் இடத்தைப் போன்றவையா? ஐந்துக்கும் 'ஆம்' என்றால், அது ஐந்து மைலானாலும் ஐம்பது மைலானாலும் போங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், அந்தக் குறையை எப்படி ஈடுகட்டுவது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசியபின் போங்கள். இரண்டு மூன்றுக்கு 'இல்லை' என்றால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்பார்கள். பத்து ஊர் சுற்றிப் பத்து மாட்டை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட, பக்கத்து மூன்று தோட்டங்களில் மூன்று மாட்டைக் காலையும் மாலையும் பார்ப்பது மேல். மாடு தேடிப் போகும் குடும்பங்களில் இன்று ஒரு குடும்பமாவது லோரியை வீட்டில் விட்டுவிட்டு, கறக்கும் கையை உடன் அழைத்துக்கொண்டு முதல் பயணம் போகுமானால், இந்தப் பேச்சின் பயன் அதுவே.